காயவிடக் கூடாத சவ்வு

என்ன வேலை பார்க்கிறாய் என்று ஊரில் யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். டீச்சர் என்றால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். நர்ஸ் என்றாலும் அப்படித்தான். நான் பார்த்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் பெயரே கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில், வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில், ஹைட்ரஜன் வாயுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒரு சின்னப் பெட்டிக்குள் வைக்கிற சவ்வைச் செய்துகொண்டிருந்தேன். இதைக் கம்பம் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும் என் கஷ்டம்.

அந்தச் சவ்வு பார்வைக்கு ஒன்றுமே இல்லை. கண்ணாடித்தாள் பழசாகி மஞ்சள் ஏறிப்போனால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதற்கு ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று. இரண்டும் நேருக்கு நேர் கலந்தால் ஆபத்து. கலக்கவிடாமல் நடுவில் நிற்பது சவ்வின் வேலை. ஆனால் சுவர் மாதிரி மொத்தத்தையும் அடைத்துக்கொண்டு நின்றாலும் பிரயோஜனம் இல்லை. ஹைட்ரஜனுக்குள் இருக்கிற மிகச் சிறிய துகளை மட்டும் அந்தப் பக்கம் போகவிட வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் கரண்ட் கிடைக்கும், கடைசியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும். வெளிநாட்டில் இதற்கென்று அருமையான சவ்வு செய்துவிட்டார்கள். எங்களிடம் அதில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு துண்டு இருந்தது. எங்கள் புரொபசர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். பெரிய மனிதர்கள் வந்தால் மட்டும் வெளியே எடுப்பார். நம்மூரில் கிடைக்கிற பிளாஸ்டிக்கைக் கொண்டு அதற்கு ஈடாக ஒன்று செய்ய முடியுமா என்று பார்ப்பது என் பாடு. பிளாஸ்டிக்கைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, ஒரே கனத்துக்கு இழுத்துவிட்டு, காய்ந்ததும் உரித்தெடுத்து, அமிலத்தில் ஊறப்போட்டு, பிறகு கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். என் விரல் நுனிகள் எப்போதும் வெந்தே கிடந்தன.

செய்து முடித்த சவ்வைத் தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால்தான் அந்தத் துகள் அதற்குள் நடமாடும். காய்ந்தால் சுருங்கிப்போகும், வெடிக்கும், அதற்கப்புறம் எவ்வளவு ஊறப்போட்டாலும் பழையபடி ஆகாது. இது ஒரு பாதி. ஈரம் அளவு மீறினாலும் சவ்வு கெட்டுவிடும் என்பது மறுபாதி. அமிலம் கூடிப்போன சவ்வு தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பி, கொழகொழவென்று கூழாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் எனக்குக் காய்ந்து வீணானவை கொஞ்சம், குடித்து வீணானவைதான் அதிகம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது முதல் பாதி. இரண்டாம் பாதியைச் சொல்லும்படியான பேச்சு எங்கள் வீட்டில் வந்ததே இல்லை.

என்னைப் படிக்க வைத்தவர் அண்ணன். அப்பா இறந்தபோது அவர் பத்தாவது படித்துக்கொண்டிருந்தார். புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் போனவர் அதை இறக்கவே இல்லை. காமயகவுண்டன்பட்டிக்கு அடுத்த எங்கள் ஊரில் பாதி வீடுகள் கிறிஸ்தவ வீடுகள். பூசை மணி அடித்ததும் கொடிக்கு மருந்தடிக்கிற ஆள் அப்படியே நின்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். என்னை மதுரைக்குக் காலேஜுக்கு அனுப்பியபோது, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு என்று சித்தப்பா கேட்டார். அண்ணன் அவரோடு சண்டை போடவில்லை. அடுத்த வருஷமும் அனுப்பினார், அதற்கடுத்த வருஷமும் அனுப்பினார்.

என் வேலை அவருக்குப் புரிந்த விதம் தனி. எங்கள் பள்ளத்தாக்கின் தலைமாட்டில், லோயர் கேம்பில், பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி வந்து கரண்ட் ஆகிறது. இது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே தங்கச்சி தண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்கிறாள் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். தண்ணீரிலிருந்து இல்லை அண்ணே, தண்ணீர் கடைசியில்தான் வருகிறது என்று நான் திருத்துவேன். முன்னால் வந்தால் என்ன, பின்னால் வந்தால் என்ன, தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பார். அந்த நாட்களில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். உன் பெட்டி நம் கிணற்று மோட்டாரை இழுக்குமா என்று ஒவ்வொரு லீவுக்கும் கேட்பார். என் பெட்டி அப்போது ஒரு டார்ச் பல்பை எரிய வைக்கவே மூக்கால் அழுதுகொண்டிருந்தது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை. கூடிய சீக்கிரம் என்று மட்டும் சொல்வேன்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்து வழக்கப்படி மதினி என்றுதான் கூப்பிடுவேன். தேவதானப்பட்டிப் பெண். எட்டாவது வரை படித்தவர், எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டு மனசில் வாங்கிக்கொள்கிறவர். கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அதைச் சொந்தக்காரர்கள் எந்த விசேஷத்திலும் ஞாபகப்படுத்தத் தவறியதில்லை. அம்மா மட்டும் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஒரு மே மாதம் ஹாஸ்டலை மூடிவிட்டார்கள். தண்ணீர் மாற்ற ஆள் இல்லாமல் சவ்வுகள் கெட்டுவிடுமே என்று நாலைந்து அகலவாய் பாட்டில்களில் போட்டு ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு துண்டு எப்படியோ ஜன்னல் கட்டையில் தங்கிவிட்டது. கம்பத்து வெயில் அதை ஒரே பகலில் முடித்துவிட்டது. மதினி கையில் எடுத்ததும் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. அவர் பயந்துபோய் உட்கார்ந்துவிட்டார். அது உதவாத துண்டுதான், காயவிட்டால் செத்துவிடும், அவ்வளவுதான் மதினி, இதற்கு ஏன் அழுகிறீர்கள் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

லீவு முடிந்து போகும்போது ஒரு பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். அதிலிருந்த துண்டும் எனக்குப் பெரிதாகத் தேவைப்படாததுதான். மதினி அதை மாதா படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று நான் சொன்னதை மறக்காமல், கம்பத்தில் எஸ்டேட் ஜீப்புகளுக்கு பேட்டரி பார்க்கிற கடையில் போய் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வருவாராம். கடைக்காரர் எந்த வண்டிக்கு என்று கேட்டால் வீட்டுக்கு என்பாராம். நான் எப்போது வந்தாலும் பாட்டிலில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் இருக்கும். எனக்குக் காப்பி நேரத்துக்கு வருவதில்லை, ஜவ்வுக்குத் தண்ணீர் தவறுவதில்லை என்று அண்ணன் கேலி செய்வார்.

அண்ணனுக்கு முதலில் முகம் வீங்கியது. காலையில் வீங்கும், மத்தியானத்துக்குள் வடியும். மருந்தடிக்கிற உடம்பு, தூக்கமும் போதவில்லை, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். பிறகு கால் வீங்கியது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டியது. சிறுநீர் குறைந்துபோனதை அவர் வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட்டார். மதுரைக்குக் கூட்டிப்போனபோது சிறுநீரகம் இரண்டுமே கெட்டுப்போயிருப்பதாகச் சொன்னார்கள்.

நான் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணனை மிஷினோடு சேர்த்திருந்தார்கள். அதன் ஒரு குழாயில் அவர் ரத்தம் போனது, இன்னொன்றில் திரும்பி வந்தது. அம்மா அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மதினி மட்டும் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றிக் கேட்டதால் எனக்கு அழுகைக்கு நடுவிலும் தெம்பு வந்தது. உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது, நான் செய்கிற சவ்வுக்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு பக்கம் ரத்தம் ஓடுகிறது, மறுபக்கம் உப்புத் தண்ணீர் ஓடுகிறது. ரத்தத்தில் இருக்கிற கழிவு மட்டும் சவ்வைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், ரத்தம் போகாது. நம் சிறுநீரகத்துக்குள்ளும் அப்படிப்பட்ட சவ்வுதான். அண்ணனுக்கு அது பழுதாகிவிட்டது, அதனால் மிஷின் சவ்வு அந்த வேலையைப் பார்க்கிறது.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அப்ப ஒன் சரக்குதேன் என்னையக் காப்பாத்துதுன்னு சொல்லு" என்றார். அந்த நிலைமையிலும் அவருக்குப் பெருமை.

மிஷினிலேயே காலத்தை ஓட்ட முடியாது, வேறு ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து வைத்தால் பிழைப்பார் என்று டாக்டர் சொன்னார். ரத்த சொந்தமாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா திறந்துவிட்டாள்.

"எங்கிட்ட ரெண்டு இருக்குல்ல சாமி. ஒன்ன எடுத்து அவனுக்கு வையிங்க."

எனக்கும் பரிசோதனை செய்தார்கள். என் ரத்தம் சேரவில்லை, அம்மாவுடையது சேர்ந்தது. அம்மாவுக்கு அதில் ஒரு கர்வம்கூட வந்தது. இந்த வயதில் பொம்பளையை அறுக்கவா என்று சித்தப்பா குதித்தார். பெற்றபோது அறுபட்டதைவிடவா என்று அம்மா அவர் வாயை அடைத்தாள். ஆபரேஷன் வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில். ஈஸ்டர் கழிந்து வரச் சொல்லியிருந்தார்கள். அதுவரை வாரத்துக்கு இரண்டு முறை மதுரைக்குப் போய் மிஷினில் இருந்துவிட்டு வர வேண்டும். அதுவரை அண்ணன் தாக்குப்பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு அந்த வருஷம் வேறு கவலையே இல்லை. ஈஸ்டர் வரைக்கும் அண்ணன் இருந்துவிட்டால் போதும்.

அது தவசுக்காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு. அம்மாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தவசுக்காலத்தில் கவிச்சி தொட்டதில்லை, வெள்ளிக்கிழமைகளில் ஒரு பொழுதுதான். ஆனால் உடம்பில் ரத்தம் கம்மியாக இருக்கிறது, தினமும் முட்டை சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா நேராகப் பங்குச் சாமியாரிடம் போய் அனுமதி கேட்டாள். அவர் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார். அப்படியும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "இது எனக்கில்ல, அவனுக்குக் குடுக்கப் போற கிட்னிக்கி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் முட்டையை வாயில் போடுவாள். யாருக்குச் சொன்னாளோ. நாங்கள் சிரிப்போம். அண்ணனும் சிரிப்பார்.

அண்ணனுக்குச் சொல்லப்பட்ட பத்தியம்தான் கொடுமை. தண்ணீரைக் குறைக்க வேண்டும். குடித்தது வெளியே போகாது, உடம்பில் தேங்கி நுரையீரலில் ஏறும். ஒரு நாளைக்கு ஒரு சொம்பில் அளந்து வைத்ததுதான், காப்பி, கஞ்சி எல்லாம் அதற்குள் அடக்கம். பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. இளநீரில் இருக்கிற ஓர் உப்பை நல்ல சிறுநீரகம் வடித்துத் தள்ளிவிடும், கெட்டுப்போனது தள்ளாது. அது ரத்தத்தில் ஏறினால் இருதயம் நின்றுவிடும். டாக்டர் சொன்னதை மதினியும் கேட்டார். நானும் பிறகு நிதானமாக எடுத்துச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

எங்கள் பள்ளத்தாக்கில் விளைவதே இந்த மூன்றும்தான். திராட்சை, வாழை, தென்னை. கண்ணைத் திறந்தால் அண்ணனுக்கு ஆகாததுதான் கண்ணில் பட்டது. பங்குனி வெயில் வேறு. தோட்டத்துக்குப் போனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்று போவதையே நிறுத்திவிட்டார். எனக்கு இந்த வருஷம் தண்ணீரில் தவசு என்று வருகிறவர்களிடம் வேடிக்கையாகச் சொல்வார். வந்தவர்கள் போன பிறகு உதட்டை நாக்கால் தடவிக்கொண்டு கிடப்பார். நாக்கிலும் ஈரம் இருக்காது.

எங்கள் பக்கத்தில் சிறுநீர் கடுத்தாலும் இளநீர், சூடு பிடித்தாலும் இளநீர், சாகக் கிடக்கிறவருக்கும் கடைசியில் இளநீர். தாகத்தோடு கிடக்கிற மனுஷனுக்கு, அதுவும் சிறுநீர் பிரியாத மனுஷனுக்கு, இளநீரைக் கொடுக்காமல் வைத்திருப்பது எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய பாரம் என்பது டாக்டருக்குத் தெரிய நியாயமில்லை. மதினி அந்தப் பாரத்தை வாரக்கணக்கில் சுமந்தார். இதை இங்கே நான் சொல்லியாக வேண்டும். பின்னால் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு குருத்து ஞாயிறு. அதற்கு முதல் நாள் லீவு போட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. பேசினால் நடுவில் மூச்சுக்கு நின்றார். ஆனால் பல நாள் கழித்து உதடு ஈரமாக இருந்தது. கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். வைக்கோல் போருக்குப் பின்னால் இளநீர்க் கூடுகள் குவிந்து கிடந்தன. பச்சையே இன்னும் வாடவில்லை.

மதினி என் பின்னாலேயே வந்து நின்றார். அவர் எதையும் மறைக்க வரவில்லை. நல்ல காரியத்தைச் சொல்ல வந்த முகம் அது.

"டாக்டரு எல்லாருக்கும் சொல்றதச் சொன்னாக. அவுகளுக்கு ஜவ்வப் பத்தி ஒனக்குத் தெரிஞ்சது தெரியுமாத்தா? ஒங்கண்ணன் நாக்கு வெடிச்சுக் கெடந்துச்சு. தோலு பாளம் பாளமா உரியுது. உள்ள இருக்கிற ஜவ்வு மட்டும் எப்பிடி இருக்கும்? மறு ஜவ்வு வாற வரைக்கும் இதக் காய விடலாமா?"

எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று நாளாகக் கொடுத்துவருகிறாராம். முதலில் தண்ணீர், பிறகு இளநீர். முதல் நாள் குடித்துவிட்டு அண்ணன் நன்றாகத் தூங்கினாராம். அதில் மதினிக்குத் தைரியம் வந்துவிட்டது. அம்மா கோயிலுக்கு, சிலுவைப்பாதை ஜெபத்துக்குப் போகிற நேரமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

இளநீர் கொடுத்தது படிக்காதவர்களின் அறியாமை என்று பின்னால் பலரும் சொன்னார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அறியாமை என்றால் மதினி பேசாமல் சொன்னதைச் செய்துகொண்டு இருந்திருப்பார். அவர் யோசித்தார். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். ஆய்வுக்கூடத்தில் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அங்கே முடிவு தப்பானால் ஒரு துண்டு சவ்வு போகும்.

மதினியிடம் இனி ஒரு சொட்டும் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்படியே சுவரோடு சாய்ந்தார்.

கம்பத்துக்கு ஆள் அனுப்பி எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஒன்றைப் பிடித்து வந்தோம். பின்சீட்டில் மெத்தையைப் போட்டு அண்ணனைச் சாய்த்து உட்கார வைத்தோம். ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் மதினி, காலடியில் நான். சித்தப்பா டிரைவர் பக்கத்தில். உத்தமபாளையம் தாண்டும்போதே அண்ணனுக்கு இரைக்க ஆரம்பித்தது. சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. வழி நெடுக இருபுறமும் தென்னையும் வாழையும்தான். நான் மதினியின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் ஏதாவது சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அண்ணன் அதைக் கவனித்துவிட்டார். அவருக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிற விதம் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"அவளத் திட்டாதத்தா. நாந்தேன் கேட்டேன்" என்றார்.

அதைச் சொல்ல அவருக்கு மூன்று மூச்சு பிடித்தது. ஜீப் சத்தத்தில் முன்னால் இருந்த சித்தப்பாவுக்கு அது கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது.

தேனியைத் தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது தண்ணீர் கேட்டார். பிளாஸ்க் மதினியின் மடியில் இருந்தது. மூடியில் கை வைத்தாரே ஒழிய அவரால் திறக்கவும் முடியவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அம்மா கையை நீட்டி பிளாஸ்க்கை வாங்கி, மூடியில் கொஞ்சம் ஊற்றி, மகனின் வாயில் வைத்தாள். அவர் நிதானமாக, ருசித்துக் குடித்தார்.

ஆஸ்பத்திரிக்குள் உயிரோடுதான் கொண்டுபோனோம். மிஷினைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். தயாராவதற்குள் இருதயம் நின்றுவிட்டது. டாக்டர் வெகுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். வெளியே வந்தவர் களைத்துப்போயிருந்தார். ரத்தத்தில் அந்த உப்பு மிகவும் ஏறியிருந்தது, இளநீர் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். அவர் குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் சித்தப்பா பக்கத்தில் நின்றிருந்தார்.

குருத்து ஞாயிறன்று, எல்லோரும் குருத்தோலையோடு கோயிலுக்குள் போன அதே வாசல் வழியாக அண்ணனை உள்ளே கொண்டுபோய், ஜெபம் சொல்லி மந்திரித்து, கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு அந்த நாளில் அழுகை வரவில்லை. எனக்கு வந்தது ஒரு முட்டாள்தனமான நினைப்பு. ஆபரேஷனுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அம்மா கட்டிவைத்திருந்த துணி மூட்டை மூலையிலேயே இருந்தது. அதை யாராவது அவிழ்க்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் பூசைக்குப் பிறகு உறவுக்காரர்கள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். தேவதானப்பட்டியிலிருந்து மதினியின் அப்பாவும் வந்திருந்தார், கூனிக் குறுகி வாசல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மதினி உள்ளறைச் சுவரோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் சித்தப்பா ஆரம்பித்தார். டாக்டர் கேட்டதைச் சபையில் சொன்னார். வேண்டாம் என்ற பிறகும் இந்த வீட்டில் இளநீர் வெட்டியது யார், அது தெரிய வேண்டும் என்றார். பிள்ளையும் இல்லை, புருஷனையும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று ஒரு கிழவி குரல் கொடுத்தாள். சித்தப்பா கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. அப்பாவோடு மகளை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் அப்பா எழுந்து நின்றுவிட்டார். மதினி வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லத்தான் திறந்தார், எனக்குத் தெரியும்.

அம்மா அதுவரைக்கும் தரையில் படுத்துக் கிடந்தாள். எழுந்து உட்கார்ந்து முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"என்னத்துக்கு விசாரிக்கிறீக? நாந்தேன் குடுத்தேன். இளநியும் நாந்தேன் வெட்டச் சொன்னேன். அவ வேணாம்னுதேன் சொன்னா. எம்மகன் கேட்டான், எனக்கு மனசு கேக்கல, குடுத்தேன். தண்ணி குடுத்தத ஜீப்புல நீங்களே பாத்தீகல்ல கொழுந்தனாரே?"

சித்தப்பா பார்த்திருந்தார். கணவாயில் திரும்பிப் பார்த்தபோது பிளாஸ்க் மூடி அம்மா கையில்தான் இருந்தது. மகனுக்குத் தன் உடம்பை அறுத்துக் கொடுக்க இருந்த பொம்பளையை நீதான் கொன்றாய் என்று எந்தச் சபை சொல்லும்? வெற்றிலையை மடித்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மதினியின் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மதினி அம்மாவைப் பார்த்தபடியே இருந்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னைக் கூப்பிட்டு, மூலையில் கிடந்த துணி மூட்டையை அவிழ்த்து மடித்து வைக்கச் சொன்னாள்.

அந்தப் பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவையில் ஆண்டவர் தாகம் என்று கேட்ட பகுதி வந்தபோது மதினி எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் அப்படித்தான். அந்த இடம் வரும், அவர் எழுந்து போவார், கொஞ்சம் கழித்து அம்மாவும் எழுந்து பின்னால் போவாள். இருவரும் வேப்ப மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்கள். தோட்டத்தை இருவரும் சேர்ந்துதான் பார்த்துக்கொண்டார்கள். நான் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிப் போனேன். என் சவ்வு இரண்டாண்டு கழித்துக் கொஞ்சம் தேறியது, ஒரு சின்ன மின்விசிறியைச் சுற்ற வைத்தது. அன்றைக்கு எல்லோரும் கை தட்டினார்கள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கிணற்று மோட்டாரை இழுக்குமா என்று கேட்க ஆள் இல்லை.

ஊரில் அம்மாவின் மேல் விழுந்த பேச்சு கடைசிவரை போகவில்லை. கிழவி பாசத்தில் மகனைக் கொன்றுவிட்டாள் என்று இரக்கத்தோடுதான் சொல்வார்கள். ஆனாலும் சொல்வார்கள். அம்மா காதில் விழாத மாதிரி போவாள். மதினியும் அம்மாவும் அதைப் பற்றித் தங்களுக்குள் ஒரு வார்த்தை பேசினார்களா என்பது எனக்குத் தெரியாது. இருவரும் இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு தவசுக்காலத்தில், பாவங்களைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு அம்மா புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, எனக்குள் வெகுநாளாக இருந்ததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்குச் சபையில் சொன்ன பொய்யைச் சாமியாரிடம் என்றைக்காவது சொன்னாயா என்று கேட்டேன். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை.

"அவனுக்குக் குடுக்கன்னு ஒன்னு வச்சிருந்தேன். அவன் வாங்காமப் போயிட்டான். அத இவளுக்குக் குடுத்தேன். இதுல சாமியாருகிட்டச் சொல்றதுக்கு என்னத்தா இருக்கு?"